சீஆர் கொப்பியும் எங்கள் வீட்டுக்கடனும்

2018 சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை வங்கியிலிருந்து கடன் கணக்கறிக்கை வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு வாங்கி ஒரு வருடம் முடிந்திருந்த நேரம். வீட்டின் விலை 85 இலட்சம். எனக்குச் சீதனமாக வந்த யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற காசும் சேமிப்பும் சேர்த்து 35 இலட்சம் கொடுத்தோம். மிச்சம் 50 இலட்சம் வங்கிக்கடன். இருபது வருடம், முதல் ஐந்து வருடத்துக்கு 14 சதவீத நிலையான வட்டி, மாதத் தவணை 62,176 ரூபா.

கடிதத்தை நானும் கணவரும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தோம். பன்னிரண்டு தவணையில் நாங்கள் கட்டியிருந்தது 746,112 ரூபா. கடனின் முதலில், அதாவது வாங்கிய அசல் தொகையில், குறைந்திருந்தது 49,192 ரூபா.

"இஞ்ச பாரும், பிழையாக் கணக்குப் போட்டிருக்கினம் போல கிடக்கு" என்றார் இவர்.

நான் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். பிழை இல்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. 50 இலட்சத்துக்கு 14 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7 இலட்சம், மாதத்துக்கு 58,333 வட்டி. 62,176இல் அதைக் கழித்தால் முதலுக்குப் போவது 3,843 ரூபாதான். இருபது வருடமும் இப்படியே கட்டினால் மொத்தம் 149 இலட்சம் வரும். கையெழுத்துப் போட்ட நாளிலும் இந்த எண்கள் என் முன்னால் இருந்தன. சொந்த வீட்டுச் சந்தோஷத்தில் அவற்றை ஊன்றிப் பார்க்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எழும்பி, தவணை அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கணக்குப் போட்டேன். மீதி நிற்கும் முதலுக்குத்தான் வட்டி. அப்படியென்றால் தவணைக்கு மேலதிகமாக இப்போது ஒரு இலட்சத்தை முதலில் போட்டால், அட்டவணையில் ஒரு வருடமும் எட்டு மாதமும் ஒரேயடியாகக் கழிந்துவிடும். அதே ஒரு இலட்சத்தைப் பதினைந்தாம் வருடத்தில் போட்டால் நாலு மாதம்கூடக் கழியாது. சீக்கிரம் போடுகிற காசுக்குத்தான் பலம். இது மனதில் பதிந்த பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். அந்த நாளில் இரண்டு பேர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வந்தது ஏறத்தாழ 150,000 ரூபா. தவணை போக மிஞ்சும் 88 ஆயிரத்தில் நாலு பேர் சாப்பிட வேண்டும். பிள்ளைகளின் ரியூசன், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது, கரண்ட், தண்ணீர், போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முதல் மூன்று மாதம் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தோம். தேத்தண்ணி, ஆட்டோ, பிள்ளைகளின் ஐஸ்பழம் வரை எல்லாம் எழுதினோம். இந்த மூன்று மாதத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எதைக் குறைப்பது என்று முதலே முடிவெடுத்திருந்தால் நான் மீனையும் பால்மாவையும்தான் குறைத்திருப்பேன். கொப்பியைக் கூட்டிப் பார்த்தால் வேறு கதை இருந்தது. ஆட்டோவுக்கு மட்டும் மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல். வேலைநாள் மத்தியானத்தில் இரண்டு பேரும் கடையில் வாங்கும் சோற்றுப் பார்சலுக்குப் பத்தாயிரம். களைத்து வரும் நாட்களில் இரவுக்கு வாங்கிய கொத்துக்கும் அப்பத்துக்கும் ஏழாயிரம்.

ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நேரக் கறிகளுக்கும் வெட்டிக் கழுவிப் பெட்டிகளில் அடுக்கி வைக்கத் தொடங்கினேன். இவர் தேங்காய் திருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். புட்டுக்கு மா வறுத்து வைப்பது மகளின் வேலை. மாதச் சாமான் வாங்குவதையும் மாற்றினோம். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு சுப்பர்மார்க்கட்டில் பருப்பு வாங்குவது எனக்கு அநியாயமாகப் பட்டது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு எங்களுக்கு எட்டும் தூரம். சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை விடிய இரண்டு பேரும் போய் அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு எல்லாம் மொத்த விலைக்கு எடுப்போம். பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்ததால் அரிசியும் சீனியும் மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொண்டோம். கரண்டைப் பொறுத்தவரை 60, 90, 120 அலகு என்று படி ஏற ஏற விலை கூடும். ஞாயிறு காலையில் மகன் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பான். 90ஐத் தாண்டாமல் மாதத்தை முடிப்பதில் அவனுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

பிள்ளைகளின் படிப்பிலும் அம்மாவுக்கு அனுப்பும் காசிலும் ஒரு ரூபாகூடக் கை வைக்கவில்லை. வருடத்தில் ஒருதரம் ஊருக்குப் போவதையும் விடவில்லை. வீட்டுக் கணக்கில் மனிசரைக் குறைத்தால் அந்தக் கணக்கு ஒரு வருடம்கூட ஓடாது.

இரவில் சாறிச் சட்டை தைக்கத் தொடங்கினேன். கல்யாண மாதங்களில் நல்ல வரவு. தையல் காசு ஒன்றும் வீட்டுச் செலவுக்குள் வரக் கூடாது, நேரே கடனுக்குத்தான் என்று ஒரு தனிக் கணக்கு திறந்தேன். அதற்கு முன் இன்னொரு கணக்கில் மூன்று தவணைக்கான காசைச் சேர்த்து வைத்தோம், வேலைக்கு ஏதும் நடந்தால் என்று.

முதல் ஒரு இலட்சத்தை 2018 ஓகஸ்டில் கொண்டுபோய்க் கட்டினோம். எங்கள் ஒப்பந்தத்தில், ஒரு இலட்சத்துக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி முதலில் கட்டலாம் என்று இருந்தது. முதல் ஐந்து வருடத்துக்குள் முழுக் கடனையும் முடித்தால் மட்டும் தண்டக் கட்டணம். இரண்டு மாதம் கழித்து அறிக்கை எடுத்துப் பார்த்தால் முதல் அந்த ஒரு இலட்சத்தால் குறையவே இல்லை! அடுத்த தவணைகளுக்கான முற்பணம் என்று அந்தக் காசைக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். கிளைக்குப் போய்க் கேட்டேன். "மிஸ், அப்பிடித்தான் சிஸ்டத்தில விழும்" என்றார் அங்கிருந்த தம்பி. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒப்பந்தப் பிரதியைக் காட்டி, அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொகையை முதலில் கழிக்க வேண்டும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று. கட்டிய நாளிலிருந்தே திருத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் காசோடு கடிதத்தின் இரண்டு பிரதி கொண்டுபோவேன், ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வருவேன். முற்கூட்டிக் கட்ட நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கடிதத்தைப் பற்றித்தான். தவணையைக் குறைத்துத் தருகிறோம் என்றால் கேட்க இனிப்பாக இருக்கும், கடன் மட்டும் இருபது வருடமும் கூடவே வரும்.

முதல் வருடம் 3 இலட்சம், அடுத்த வருடம் 4 இலட்சம் மேலதிகமாகப் போட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மூன்று மாதம் இவருக்கு அரைச் சம்பளம். சேர்த்து வைத்த மூன்று தவணைக் காசு அப்போதுதான் கை கொடுத்தது. கடன் சலுகைக் காலம் எடுக்கலாம் என்று வங்கி அறிவித்தது. சலுகைக் காலத்திலும் வட்டி ஓடும் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, எங்களால் முடிந்ததால் எடுக்கவில்லை. சம்பளமே நின்றுபோனவர்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடமும் எப்படியோ 4 இலட்சம் போட்டோம்.

அந்தக் காலத்தில் ஒன்றைச் செய்யாமல் விட்டதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும். இங்கே மாறும் வட்டியுள்ள கடன்கள் பெரும்பாலும் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்கிற வீதத்தோடு கட்டப்பட்டவை. வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டி அது, மத்திய வங்கி ஒவ்வொரு கிழமையும் வெளியிடும். 2020 முடிவில் அது 6 சதவீதத்துக்கும் கீழே விழுந்திருந்தது. நாங்களோ 14 கட்டிக்கொண்டிருந்தோம். வட்டியைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டும், மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். கேட்கவே இல்லை.

2021இல் இவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூடிய சம்பளத்தைத் தொடாமல், நான் கட்டிவந்த சீட்டையும் எடுத்து, அந்த வருடம் 7 இலட்சம் போட்டோம். 2022 மார்ச்சில் ஐந்து வருட நிலையான வட்டி முடிந்தபோது மீதி முதல் ஏறத்தாழ 24 இலட்சம். தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 46 இலட்சத்து 70 ஆயிரம் நின்றிருக்கும்.

அடுத்து இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, காஸ் வரிசை, பெற்றோலுக்கு கியூஆர். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. நிலையான வட்டி முடிந்ததால் எங்கள் கடனுக்கு அப்போது ஏ.டபிள்யூ.பி.எல்.ஆருக்கு மேல் 2 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கொருதரம் மாறும். யூலையில் 25 சதவீதம், 2023 தொடக்கத்தில் 29. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தில் நின்றது. நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு விலை கேட்டு வாங்காமல் திரும்பி வந்த நாளும் உண்டு.

29 சதவீதக் கடிதம் வந்த அன்று பழைய அட்டவணையை எடுத்து இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 46 இலட்சத்து 70 ஆயிரம் நின்றிருந்தால் மாத வட்டி மட்டும் 112,000க்கு மேல். அதை எங்களால் கட்டியிருக்க முடியாது, வீட்டை விற்றிருப்போம். அந்த நேரம் எங்கள் முதல் 22 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே, வட்டி 52 ஆயிரம் அளவில். பழைய 62,176 தவணை அதைத் தாங்கியது. மேலதிகமாகக் கட்ட ஒரு சதமும் இல்லாத அந்த மாதங்களில் அந்த 18 இலட்சம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு சாறிச் சட்டையும் ஒவ்வொரு சோற்றுப் பெட்டியும் அன்று என் கண்ணுக்குள் வந்து நின்றன. அழுதுவிட்டேன்.

அப்போது தங்கத்தின் விலையும் ஏறியிருந்தது. அம்மா எனக்குப் போட்டுவிட்ட காப்பு ஆறு, ஒவ்வொன்றும் ஒரு பவுண். விற்றால் 9 இலட்சம் வரும், 29 சதவீதத்தில் அது வருடத்துக்கு 261,000 ரூபா வட்டியை நிறுத்தும். நிரந்தர வைப்புக்கு 20க்கு மேல் கொடுக்கிறார்கள், விற்று அதில் போடச் சொன்னார் மச்சாளின் கணவர். நாங்கள் 29 கட்டிக்கொண்டு 20க்குப் போடுவது சரிவராது என்றேன். ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை வீட்டுக்காக எடுக்கலாமே என்றார்கள். ஓய்வூதியம் இல்லாத தனியார் வேலைக்காரருக்கு முதுமையில் பெரும்பாலும் அதுதான் கையில் இருக்கும், அதைத் தொட எனக்கு மனமில்லை. அம்மாவிடம் கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. ரெலிபோனில் விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "பிள்ளை, காப்பைப் பிறகு வாங்கலாம். வீட்டை வித்தா வாங்கேலாது" என்றா. 2023 தை மாதம் காப்பை விற்க, நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவுக்கு இரண்டு பேரும் போனோம். திரும்பி வரும் வழியில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் கொஞ்ச நேரம் இருந்தோம். இவர் என் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

யூனிலிருந்து மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கொருதரம் எங்கள் வட்டியும் இறங்கியது. 2024 ஏப்ரலில் இன்னொரு சீட்டு 3 இலட்சம் வந்தது. ஓகஸ்டில் 89ஆவது தவணையோடு கடன் முடிந்தது. ஏழு வருடமும் ஐந்து மாதமும். எல்லாமாக நாங்கள் கட்டியது 85 இலட்சம்.

முடிக்கும்போதும் அலைச்சல் இருந்தது. குறித்த திகதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், நாள் தவறினால் வட்டி மாறும். கட்டி முடித்ததும் கடன் தீர்ந்ததென்ற கடிதம். அதோடு நிற்கக் கூடாது. வங்கியின் சட்டத்தரணி ஈட்டு விடுவிப்பு உறுதி, அதாவது வீட்டின் மேலிருந்த அடமானத்தை நீக்கும் பத்திரம், எழுதி, அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். எங்களுடையதற்கு ஏழு கிழமை எடுத்தது, அதுவும் நான் கிழமைக்கொருதரம் ரெலிபோன் எடுத்ததால். பதிவான பிறகு பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைக் காசு கட்டி எடுத்து, ஈடு நீங்கியதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக் காப்புறுதியில் இருந்த வங்கியின் பெயரை நீக்கினோம். கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் கடன் தீர்ந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்த்தோம்.

செப்டெம்பர் 25ஆம் திகதி சம்பளம் வந்தது. இரவு கொப்பியை விரித்தேன். ஆறு வருடத்துக்கு மேலாக முதல் வரி 'வங்கி, 62,176'. பேனையைப் பிடித்துக்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். மகள் பேனையை வாங்கி, அந்த இடத்தில் 'அம்மாவின் காப்பு' என்று எழுதினாள். மார்கழிக்குள் ஒன்று வாங்கிவிட்டோம்.