ஒன்பதாவது லீஜியனின் கழுகும் வாசகர்களின் புகார்களும்

ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954-இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' நாவலைப் படித்தவர்களிடம் கருத்துக் கேட்டால், முதலில் வருவது பெரும்பாலும் வரலாறு பற்றிய புகார்தான். வடக்கே அணிவகுத்துச் சென்ற ரோமானியரின் ஒன்பதாவது லீஜியன் என்ற படைப்பிரிவு கி.பி. 117 வாக்கில் காணாமல் போனது என்ற அன்றைய நம்பிக்கையையும், 1866-இல் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் தோண்டியெடுக்கப்பட்ட சிறகில்லாத வெண்கலக் கழுகையும் இணைத்தே அவர் கதையைக் கட்டினார். அந்தக் கழுகு படைச்சின்னமே அல்ல, ஏதோவொரு பெரிய சிலையின் பகுதியாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். நெதர்லாந்தின் நைமேகனில் அந்த லீஜியனின் முத்திரை பதிந்த ஓடுகள் கிடைத்ததால், படை முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ பிரிட்டனை விட்டு அங்கே போயிருக்கலாம் என்ற கருத்தும் வலுப்பெற்றது. ஆனால், பிரிட்டனில் அந்தப் படையைப் பற்றிக் காலம் குறிப்பிடத்தக்க கடைசிச் சான்று யார்க் நகரில் கிடைத்த கி.பி. 107-108-ஐச் சேர்ந்த கல்வெட்டுதான் என்பதால், சட்கிளிஃப் கற்பனையால் நிரப்பிய இடைவெளி உண்மையிலேயே இருந்தது. அதற்காக நாவலாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கதை நகரவில்லை என்பது இன்னொரு புகார். காலில் படுகாயமடைந்து படைவாழ்வை இழந்த கதாநாயகன் மார்கஸ், மாமாவின் வீட்டில் முடங்கிக் கிடக்கும் பக்கங்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன். சரியாக ஆறாத புண்ணை மருத்துவர் மறுபடி திறந்து, உள்ளே தங்கிவிட்ட சில்லுகளை எடுக்கப் போகிறார் என்று தெரிந்தபின் அவன் படும் அச்சத்தை, குழந்தைப் பருவத்திலேயே மூட்டுநோயால் தாக்கப்பட்டு வாழ்வின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் கழித்த சட்கிளிஃப் போன்ற ஒருவரால்தான் இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க முடியும். (போர்க்காட்சிகளுக்காக மட்டும் ரோமானியக் கதைகளைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.)

பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு என்பவர்களோடு வாதிட எதுவுமில்லை. மார்கஸின் மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணான காட்டியாவைத் தவிர நினைவில் நிற்பவர் யாருமில்லை.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது எஸ்கா பற்றிய விமர்சனம். அரங்கில் தோற்றுச் சாகவிருந்த அந்தப் பிரிட்டானிய வீரனை, காது நுனி வெட்டப்பட்ட அந்த அடிமையை, மார்கஸ் விலைக்கு வாங்குகிறான். ஒன்பதாவது லீஜியனின் தொலைந்த கழுகுச் சின்னத்தைத் தேடி, கண் வைத்தியன் வேடத்தில் வடக்கே புறப்படுமுன் அவனுக்கு விடுதலை தருகிறான். அப்போது எஸ்கா, தான் அடிமை என்பதால் ஊழியம் செய்யவில்லை, மார்கஸுக்காகவே செய்தேன் என்ற பொருளில் பேசுகிறான். பல தலைமுறை வாசகர்களை நெகிழவைத்த இடம் இது. வாங்கியவனின் மனம் குளிர வேண்டிய சொற்களை வாங்கப்பட்டவனின் வாயில் வைத்துவிட்டார் என்று இன்றைய வாசகர் சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய நட்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். பனிமூட்டத்தில் இருவரும் சேர்ந்து தப்பி ஓடும் பக்கங்கள் அதை நம்பவைக்கின்றன. ஆனால் இறுதியில் எஸ்காவுக்குக் கிடைக்கும் ரோமக் குடியுரிமையைக்கூட, அவனுடைய மக்களை வென்றடக்கிய அதே அரசின் பரிசாகத்தான் அவன் பெறுகிறான். அதை அவன் எப்படி வாங்கிக்கொண்டான் என்பதை அவன் பார்வையில் சொல்லும் ஓர் அத்தியாயமாவது இருந்திருக்க வேண்டும்.