அணைய மறுத்த மருந்தகம்

2025 ஜூலை 3, வியாழன், இரவு 11.50

அல்சூர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. சிவாஜிநகர்ப் பக்கம் உள்ள சிறிய மருத்துவமனையின் மருந்தகத்திலிருந்து இரவுப்பணி அக்கா. "திரை அப்படியே நிற்கிறதம்மா. புதிதாக வந்த மருந்துகளை அரை மணி நேரமாகப் பதிந்துகொண்டிருந்தேன். சேமிக்கப் போனால் சுற்றிக்கொண்டே இருக்கிறது." வரிசையில் ஏழு பேர் நிற்பதாகச் சொன்னார். கையால் ரசீது எழுதச் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

மருந்தகத்தின் கணக்கு முழுவதும் எங்கள் அலுவலகத்து ஹோஸ்ட் (பெரிய கணினி) ஒன்றில் ஓடும் வி.எம்.மில் (கணினிக்குள் மென்பொருளால் அமைந்த இன்னொரு கணினி) இருக்கிறது. அதே ஹோஸ்டில் இன்னும் பதினொரு வி.எம்.கள் குறையில்லாமல் ஓடுகின்றன. இது மட்டும் உறைந்துவிட்டது. முறைப்படி முதலில் 'விர்ஷ் ஷட்டவுன்' (வி.எம்.மை அணையச் சொல்லும் கட்டளை) கொடுத்தேன். பவர் பொத்தானை யாரோ அழுத்தியதாக வி.எம்.முக்கு ஒரு ஏ.சி.பி.ஐ. செய்தி போகும், அவ்வளவுதான். அதைக் கேட்டு நடக்க உள்ளே இயங்குதளம் விழித்திருக்க வேண்டும். பத்து நிமிடம் பார்த்தேன், அசைவில்லை.

11.40க்கு 'விர்ஷ் டெஸ்ட்ராய்'. பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுவார்கள். அது வட்டில் இருப்பதை அழிக்காது, பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். அதற்கும் மசியவில்லை. 'சிக்கில்' (கட்டாயமாகக் கொல்லும் சமிக்ஞை) அனுப்பியும் ஹோஸ்டில் அந்த வி.எம்.மை ஓட்டும் ப்ராசஸ் முடியவில்லை, 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று பிழைச்செய்தி வந்தது. அதே சமிக்ஞையை நானே 'கில் -9' என்று அடித்துப் பார்த்தேன். பட்டியலில் அதே ப்ராசஸ் எண் அதே இடத்தில் இருக்கிறது. லினக்ஸில் -9க்கு மேல் ஓர் ஆயுதம் கிடையாது. ஆட்டோ பிடித்து இந்திராநகர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.

ஜூலை 4, வெள்ளி, அதிகாலை 2.30

இரவுப்பணியில் தங்கவயல் அண்ணன் இருந்தார். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்துபோகிறவர். நான் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தாயா, தங்கச்சி?"

பார்க்கவில்லை. எப்படிக் கொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

'பி.எஸ்.' கட்டளையில் நிலை 'டி' என்று வந்தது. ப்ராசஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போய், வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ பதில் வரும்வரை எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். -9 போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த உறக்கம் கலைந்தால்தான் அது பலிக்கும். ஹோஸ்டின் சராசரிச் சுமை 23 என்று காட்டியது, சி.பி.யு.வோ ஏறக்குறைய சும்மா இருந்தது. 'டி' நிலையில் கிடக்கும் இழைகளையும் (ப்ராசஸின் உட்பிரிவுகள்) லினக்ஸ் அந்தச் சுமைக் கணக்கில் சேர்க்கும் என்பதால் வந்த எண் அது.

பிறகு '/ப்ராக்' அடைவில் அந்த இழைகளின் ஸ்டாக்கை (எந்தச் சார்பில், அதாவது நிரல்துண்டில், நிற்கின்றன என்ற பட்டியல்) திறந்தோம். வரிக்கு வரி என்.எஃப்.எஸ். (வலையமைப்பு வழியாக வேறு கணினியின் வட்டைப் பயன்படுத்தும் முறை) பெயர்கள், எல்லாவற்றுக்கும் மேலே, எழுதிய தரவு சேமிப்பில் போய்ச் சேரக் காத்திருக்கும் சார்பு. 2008இல் வந்த 2.6.25 கெர்னலில் தொடங்கி, என்.எஃப்.எஸ். காத்திருப்புகளில் பலவற்றை -9ஆல் உடைக்க முடியும். இந்தக் காத்திருப்பு அந்த வகையில் சேராது. மற்ற பதினொன்றின் வட்டுகளும் ஹோஸ்டுக்குள்ளேயே இருக்க, மருந்தகத்தின் வட்டு மட்டும் பக்கத்து ரேக்கிலுள்ள ஸ்டோரேஜில் (வட்டுகளை வைத்திருக்கும் தனி சர்வர்) இருக்கிறது. கெர்னல் பதிவிலும் அதே கதைதான்: சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.

மேலாளர் அழைத்தார். இன்னொரு ஹோஸ்டில் அதே வி.எம்.மை உடனே கிளப்பச் சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார். "பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது சார். அது கண்விழித்து எழுதத் தொடங்கினால் ஒரே வட்டில் இரண்டு பேர் எழுதுவார்கள். அப்புறம் அந்தக் கணக்கை யாராலும் மீட்க முடியாது." ஹோஸ்டையே அணைத்துப் போடலாமா என்றார் மேலாளர். அதற்கும் இல்லை என்றோம். பதினொரு வி.எம்.கள் விழுவது ஒருபுறம் இருக்க, மருந்தகம் எழுதியவற்றில் ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேராதவை ஹோஸ்டின் நினைவகத்தில்தான் தங்கியிருக்கின்றன. மின்சாரத்தை வெட்டினால் அவையும் போய்விடும். நள்ளிரவில், கைபேசியில் மேலதிகாரி பொறுமையிழந்து நிற்கும்போது, குரல் உயர்த்தாமல் இப்படி மறுக்க நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதிகாலை 4.40

கிடைத்துவிட்டது. ஸ்டோரேஜுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினால் உடனே பதில் வந்தது, அதுதான் இரண்டு மணி நேரம் எங்களை ஏமாற்றியது. 'டி.எஃப்.' (வட்டில் மிச்ச இடத்தைக் காட்டும் கட்டளை) அடித்தால் மட்டும் டெர்மினல் தொங்கியது. வாய்க்கால் திறந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை.

பெரிய பாக்கெட் அனுப்பிப் பார் என்றார் அண்ணன். எங்கள் ஸ்டோரேஜ் வலையமைப்பில் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட். தலைப்புகளுக்கு 28 கழித்து, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. 1472க்கு வந்தது. இடையிலுள்ள வலையமைப்பு ஸ்விட்சில் இந்த ஹோஸ்டின் போர்ட் மட்டும் 1500க்கு மாறியிருந்தது. மாலை பராமரிப்பில் யாரோ பழைய அமைப்பை ஏற்றியிருக்கிறார்கள். பெரிய பாக்கெட்டுகளை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டது. அனுப்பியவருக்கு ஒரு மறுப்புகூடப் போகவில்லை. இரண்டு முனைகளும் 9000 என்றே நம்பி, அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன.

போர்ட்டைச் சரிசெய்த சில நொடிகளில் 'சர்வர் ஓகே' என்று பதிவு வந்தது. எழுதப்படக் காத்திருந்த தரவு போய்ச் சேர்ந்தது. அடுத்த கணம் வி.எம். செத்தது. ஐந்து மணி நேரம் முன்பு நான் அடித்த -9 அதற்காக அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது.

வெள்ளி, இரவு 9.15

காலை 5.05க்கு மருந்தகத்தை மீண்டும் கிளப்பினோம். கோப்பு முறைமை தன் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேடு) படித்துச் சரிசெய்துகொண்டது. தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டைக் கடைசிச் சோதனைப்புள்ளியிலிருந்து ஓட்டி, உறுதியான பில்கள் அத்தனையையும் கொண்டுவந்து நிறுத்தியது. அக்கா பாதியில் நிறுத்திய பதிவு மட்டும் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும். பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எல்லாவற்றையும் மறுபடி தட்டியிருக்கிறார்.

அது என்னால் போனது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வி.எம்.மின் வட்டு விர்ட்டியோ வகை. அதில் இயல்பாகக் காலக்கெடு எதுவும் கிடையாது, எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கும். நான் -9 அடிக்காமல் இருந்திருந்தால், போர்ட் சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும்.

பிற்பகல் கூட்டத்தில் ஒருவர், என்.எஃப்.எஸ். இணைப்பை 'சாஃப்ட்' ஆக்கிவிட்டால் இனி இப்படித் தொங்காதே என்றார். நான் எதிர்த்தேன். 'சாஃப்ட்' என்றால் சில முயற்சிகளுக்குப் பிறகு கைவிட்டு, பிழை என்று திருப்பிவிடும். மருந்துக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் வந்து விழும் அந்தப் பிழையைவிட, தொங்கி நிற்பது எவ்வளவோ மேல். 'ஹார்ட்' ஆகவே இருக்கட்டும் என்று முடிவானது.

ஜூலை 6, ஞாயிறு

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைவரை அம்மாவோடு நடந்தேன். மூன்று நாளாக என்ன யோசனை என்று கேட்டார். தெரிந்த சொற்களில் சொல்லிப் பார்த்தேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாவு மில்லுக்கு அனுப்பின பிள்ளை மாவு வாங்காமல் வராது. மில்லில் கரண்ட் போயிருக்கும். நீ வீட்டு வாசலில் நின்று பிள்ளையைத் திட்டியிருக்கிறாய்" என்றார்.

சரிதான். 'டி' நிலையை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

மாலையில் மருந்தகத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, மறுபடி தட்டும்போது இரண்டு காலாவதித் தேதியை முதலில் தப்பாகப் போட்டிருந்தது தெரிந்தது" என்று சொல்லி, சுக்குக் காபி கொடுத்தார்.

ஜூலை 9, புதன்

8972 பைட் பிங்கைக் கண்காணிப்பில் சேர்த்தாயிற்று. இனி ஒவ்வொரு ஹோஸ்டிலிருந்தும் நிமிடத்துக்கு ஒருமுறை போகும்.

அண்ணனிடம் அனுமதி வாங்கி ஒரு சோதனையும் செய்தேன். தனி ஹோஸ்டில் ஒரு காலி வி.எம்., வட்டு அதே ஸ்டோரேஜில். 10.02க்கு அதை எழுதவிட்டு, அதன் போர்ட்டை மட்டும் 1500க்கு இறக்கினேன். உறைந்தது. கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வி.எம்.மின் திரையில், 120 நொடிக்கு மேலாக ஒரு வேலை தடைபட்டிருப்பதாக எச்சரிக்கை வந்தது, பிறகு இன்னொன்று. வேறெதுவும் நடக்கவில்லை.

10.19க்கு போர்ட்டை மீண்டும் 9000க்கு ஏற்றினேன். திரை நகர்ந்தது. உள்ளே போய்க் கோப்பைத் திறந்தேன். 10.02க்கு எழுதத் தொடங்கிய வரி முழுதாக இருந்தது. அதற்கடுத்த வரியும் அதன் கீழே வந்துகொண்டிருந்தது.