டி-55 டாங்கியும் அதன் குழலில் ஒரு பொய் உருளையும்

நான்கு மாதங்களாக என் மேசையை அடைத்துக்கொண்டிருந்த டி-55 டாங்கி மாடல் சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1:35 அளவில் வெளியிட்டுள்ள டி-55ஏ பிளாஸ்டிக் மாடல் கிட்தான் இதற்கு அடிப்படை. ஆனால் நான் கட்ட விரும்பியது 1971 டிசம்பர் போரில் இந்தியத் தரைப்படை ஓட்டிய டி-55. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் செய்து சேர்த்ததில்தான் இந்த நான்கு மாதங்களும் கழிந்தன.

வேறுபாடுகளில் என்னை முதலில் ஈர்த்தது பீரங்கிக் குழலின் நடுவே இருக்கும் ஓர் உருளை. குண்டு பாய்ந்தபின் குழலுக்குள் தங்கும் புகை, ஆட்கள் இருக்கும் கூண்டுக்குள் திரும்பி வராமல் குழலின் வாய்வழியே வெளியேற உதவும் புகைபோக்கி, சோவியத் தயாரிப்பான டி-55இன் 100 மி.மீ. குழலில் வாய் முனையில்தான் இருக்கும். ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் 105 மி.மீ. குழலிலோ அது ஏறத்தாழ நடுவில் இருக்கும். 1971இல் இந்திய டி-55களின் குழல் நடுவிலும் அப்படியொரு உருளை பொருத்தப்பட்டது. அது எந்தப் புகையையும் போக்காத பொய் உருளை. பாகிஸ்தானிடம் இருந்த டைப் 59, சோவியத் டி-54ஏவைப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்பட்டது. ஆகவே நம் டாங்கியும் எதிரியின் டாங்கியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. ஜம்முவை ஒட்டிய சம்ப் பகுதியில் டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவு டி-54களோடும் 72ஆவது கவசப் படைப்பிரிவு டி-55களோடும் நின்றபோது எதிரே வந்தவற்றில் டைப் 59களும் இருந்தன. கூரையில் காளான்போல் ஒரு காற்றோட்ட மூடி இருந்தால் டி-54 அல்லது டைப் 59, இல்லாவிட்டால் டி-55 என்று கிட் கட்டுபவர்கள் சொல்லிவிடுவோம். புழுதிக்கு நடுவே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறிபார்ப்பவனுக்கு அந்த மூடி எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் தொலைவிலிருந்தே தெரியும்படி அந்த உருளை வைக்கப்பட்டது.

ஆக, கிட்டில் இல்லாத இந்த உருளையைச் செய்ய அதன் அளவு வேண்டும். நேர் பக்கவாட்டில் எடுத்த படம் கிடைத்துவிட்டால் அளவு கண்டுபிடிப்பது கடினமில்லை. டி-55இன் சாலைச் சக்கரம் 810 மி.மீ. விட்டம் கொண்டது, 1:35 அளவில் அது 23.1 மி.மீ. ஆகும். படத்தில் சக்கரத்தை ஸ்கேலால் அளந்து, அதே ஸ்கேலால் உருளையையும் அளந்து விகிதம் போட்டால் மாடலுக்கான அளவு வந்துவிடும். சக்கரம்தான் நமக்கு அளவுகோல். கொஞ்சம் சாய்வாக எடுத்த படமாக இருந்தால் கணக்கு தவறிவிடும் என்பதால் குறைந்தது மூன்று படங்களிலாவது அளந்து பார்ப்பது என் வழக்கம்.

கால் மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் அட்டையை நாடாவாக வெட்டி, சுடுநீரில் நனைத்து, குழலின் மீது சுற்றுச் சுற்றாக ஒட்டி உருளையை வளர்த்தேன். இங்கேதான் அவசரப்பட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் திரவப் பசையைத் தாராளமாக விட்டதில், அது உள்ளே சிக்கிக் காயாமல் நின்று, அடியிலிருந்த குழலையே இளக்கிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் குழல் வாழைத்தாரின் நுனிபோல முன்பக்கம் தொங்கியிருந்தது. நிமிர்த்தினால் மீண்டும் வளைந்தது. கடைசியில் குழலை உருளைக்குப் பின்னால் அறுத்து, இரு துண்டுகளிலும் துளையிட்டு, பழைய குடையின் கம்பியொன்றைக் கோத்து நேராக்கினேன். வாய்க்குள் கம்பி தெரியக்கூடாது என்பதற்காக அதை முனைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னதாகவே நிறுத்திவிட்டேன். 100 மி.மீ. வாய் இந்த அளவில் 2.86 மி.மீ.; அதைக் கைத்துளைப்பானால் மெதுவாகக் குடைந்து எடுத்தேன். இரண்டாம் முறை ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று உருளையை முடித்தேன்.

அடுத்தது, டி-55ஏவை டி-55 ஆக்கும் வேலை. டி-55ஏவில் கதிர்வீச்சுத் தடுப்புப் படலம் சேர்க்கப்பட்டதால் மூடிகளைச் சுற்றி மேடுகள் இருக்கும்; அவற்றை உளியாலும் உப்புத்தாளாலும் குறைக்க வேண்டியிருந்தது. இதைவிட எனக்குப் பிடித்த வேறுபாடு ஒரு சிறு துளை. டி-55இல் ஓட்டுநருக்கு அருகே அசையாமல் பொருத்திய இயந்திரத் துப்பாக்கி ஒன்று உண்டு. அதன் குண்டுகள் வெளிவர முன்சாய்வுத் தகட்டின் நடுவே ஒரு துளை இருக்கும். டி-55ஏவில் அந்தத் துப்பாக்கி நீக்கப்பட்டதால் துளையும் இல்லை. ஊசி முனையால் புள்ளி வைத்து, மெல்லிய துளைப்பானால் ஒரே ஒரு துளை போட்டேன். அரை நிமிட வேலைதான் என்றாலும் வண்டியின் பெயரையே மாற்றும் துளை அது.

பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பாலும் கண்ணை உறுத்துவது தடிமன். மட்கார்டின் ஓரம் 1 மி.மீ. இருந்தால் அசலில் அது 35 மி.மீ. கனமுள்ள இரும்பாகிவிடும், உண்மையில் அது மரத்தில் உரசினாலே கசங்கும் தகடு. அதனால் முன்னும் பின்னும் மட்கார்டை வெட்டி எடுத்துவிட்டுக் குளிர்பான டின்னின் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, பல்குத்தும் குச்சியால் அங்கங்கே அமுக்கி நெளித்தேன். விளக்குகளுக்குப் போகும் ஒயர்களும் கைப்பிடிகளும் பழைய தொலைபேசி ஒயரின் செம்புக்கம்பி. பின்னால் கட்டியிருக்கும் கட்டை, சேற்றில் சிக்கினால் சங்கிலிப் பட்டைக்கு அடியில் கொடுத்து ஏறுவதற்கானது. அதற்கு எங்கள் வீட்டு மருதாணிச் செடியின் காய்ந்த குச்சி. பிளாஸ்டிக்கில் மரவரி கீறுவதைவிட உண்மையான பட்டையுள்ள குச்சி நூறு மடங்கு மேல்.

கூண்டின் கூரை வார்ப்போடு வந்ததல்ல. அரைவட்டமான இரு தகடுகளை நடுக்கோட்டில் சேர்த்துப் பற்றவைத்து, வார்ப்பின் மேல் பொருத்தியிருப்பார்கள். அந்தப் பற்றவைப்பு முரடாக இருப்பதே அந்த வண்டியின் முகம் என்று நான் நினைக்கிறேன். கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்த சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்தால் தலைமுடியளவு நூலாக நீளும். அதைக் கோட்டின் மேல் ஒட்டி, பசையால் இளகியதும் கத்தியின் நுனியால் அரை மி.மீ.க்கு ஓர் அமுக்கு கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு இருபது அமுக்கு, பிறகு ஓய்வு, மீண்டும் இருபது. வார்ப்பின் சொரசொரப்புக்கு எம்-சீலை விரல் நுனியில் ஈரத்தோடு ஒற்றினேன்.

சங்கிலிப் பட்டையின் மேல்பகுதியைத் தாங்கும் மேலுருளைகள் டி-55க்குக் கிடையாது. பட்டை சக்கரங்களின் முதுகில் படிந்து கிடக்கும். கிட்டின் பட்டை விறைப்பாக நின்றதால், ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் பஞ்சுத் துண்டுகளைத் திணித்து அழுத்தி ஒட்டினேன். கரும்பச்சை அடித்து, பேஸ்டல் சுண்ணத்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, மேலே பட்டதை மட்டும் துடைத்துப் புழுதியாக்கினேன்.

எல்லாம் காய்ந்தபின் ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. 1 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் 28.57 மீட்டர். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய டைப் 59ஐயும் புதிய டி-55ஐயும் மகளிடம் கொடுத்து, எதிர்வீட்டு மாடிச் சுவர் மேல் தன் விருப்பப்படி இடம் மாற்றி, குழல்கள் பக்கவாட்டில் தெரியும்படி வைக்கச் சொன்னேன். டேப் வைத்து அளந்த தொலைவில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புக் கோடுகள். பைனாகுலரை எடுத்தேன். இடப்பக்கத்து வண்டியின் குழல் நடுவில் ஒரு வீக்கம் தெளிவாகத் தெரிந்தது. "இடப்பக்கம் நம்முடையது" என்றேன். "சரிதான் அப்பா" என்றாள்.