நடுக்குரலில் இருக்கும் பாட்டு

சில மாதங்களாக இரவு வேளைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுவருவது, எட்டு ஆண்கள் வாத்தியம் எதுவுமின்றிப் பாடிய பழைய பதிவுகளை. பாடியவர்கள் ‘ஸ்லொவேன்ஸ்கி ஆக்தெத்’, அதாவது ஸ்லொவேனிய எண்மர் குழு. 1951இல் தொடங்கப்பட்ட குழு இது. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. ஆயினும் முதல் முறை கேட்டபோது என்னைத் தடுமாற வைத்தது மெட்டு இருக்கும் இடம்தான். கர்நாடக இசையில் பழகிய காது ஒற்றை இழையைப் பின்தொடரும். பல குரல்கள் சேர்ந்து ஒலித்தால், எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும் குரலையே பாட்டென்று பற்றிக்கொள்ளும். நானும் அப்படித்தான் மேற்குரலைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு மூன்று பாடல்கள் கடந்த பிறகே, அந்தக் குரல் வெறும் துணை என்பதும், மெட்டு அதற்குக் கீழே நடுக்குரலில் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் புரிந்தன.

இந்த அமைப்பு எண்மர் குழுவின் கண்டுபிடிப்பன்று. ஸ்லொவேனிய கிராமங்களில் மணமாகாத இளைஞர்கள் பொழுது சாய்ந்தபின் ஊர் நடுவில் கூடிப் பாடுவது நெடுநாள் வழக்கம். ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுத்து மெட்டைக் கொண்டுசெல்வார். அதற்கு ‘நப்ரெய்’, முன்னால் பாடுதல் என்று பெயர். இன்னொருவர் அதற்கு மேலாகக் குரலை ஓட்டுவார். அது ‘செஸ்’, மேலே பாடுதல். சுற்றி நிற்கும் மற்றவர்கள் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வார்கள். யாரும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாடியதில்லை. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய கரிந்தியாவில் இதுவே நான்கு, ஐந்து குரல்கள் வரை கிளைத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்த இம்மக்களுக்குத் தமக்கென ஓர் அரசு இல்லை. அலுவலகங்களிலும் உயர்கல்வியிலும் ஜெர்மன் மொழியே கோலோச்சியது. 1860களில் ஊருக்கு ஊர் தோன்றிய வாசகர் சங்கங்கள்தாம் தாய்மொழிக்கு ஒரு மேடை கொடுத்தன. அந்த மேடைகளில் பாடகர் குழுக்களுக்கு முக்கிய இடம் இருந்தது. 1872இல் லூப்லியானாவில் ‘கிளாஸ்பெனா மாத்திட்சா’ என்ற இசைச் சங்கம் உருவானது. 1926இல் ஃபிரான்ஸே மரோல்ட் அந்நகரின் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஓர் ஆண்குரல் குழுவை அமைத்தார். 1934இல் நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஆராய ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

சேர்ந்து பாடுவது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை அறிய, இத்தாலியின் ஆட்சிக்குள் போன மேற்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே பாசிச அரசு ஸ்லொவேனியப் பள்ளிகளை மூடியது, சங்கங்களைக் கலைத்தது. மொழி பொதுவில் ஒலிக்க எஞ்சிய இடம் பெரும்பாலும் தேவாலயம்தான். 1936 டிசம்பர் 27 அன்று, கொரிட்சியாவை அடுத்த போத்கோரா என்னும் ஊரில், லோய்ஸே பிராத்துஷ் என்ற குழுத்தலைவர் தேவாலயத்தில் தம் பாடகர்களைத் தாய்மொழியில் பாடவைத்தார். வழிபாடு முடிந்ததும் பாசிஸ்டுகள் அவரைப் பிடித்துச் சென்று இயந்திர எண்ணெயைக் குடிக்க வைத்தார்கள். 1937 பிப்ரவரியில் அவர் இறந்தார். வயது 35கூட நிறையவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பாடல்களை நான் பொழுதுபோக்காகக் கேட்க முடிந்ததில்லை.

போர்க்காலத்திலும் பாட்டு நிற்கவில்லை. 1944இல் பேலா கிராயினா பகுதியில், போரில் காயமுற்ற கெரில்லா வீரர்களைக் கொண்டே ஒரு பாடகர் குழு அமைந்தது. இசையமைப்பாளர் காரொல் பாஹோர் அவர்களைப் பழக்கினார். நடக்க இயலாதவர்களும் பார்வை இழந்தவர்களும் அதில் பாடினார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய எண்மர் குழுவுக்கு இந்த வரலாறெல்லாம் பின்னால் இருந்தது. முதலில் யானெஸ் போலெயும், பின்னர் நெடுங்காலம் வாலென்ஸ் வோதூஷெக்கும் அதை வழிநடத்தினார்கள். வோதூஷெக் நாட்டார் இசை ஆய்வாளர். 1951இல் மரோல்ட் இறந்தபின் அவர் நிறுவிய ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர். கிராமத்துக் கிழவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று பகலில் ஆராய்ந்த மனிதரே எட்டுப் பேருக்குப் பயிற்சியும் தந்தார் என்பதில்தான் இக்குழுவின் தனித்தன்மை இருப்பதாக நான் கருதுகிறேன்.

மேல்நிலைக் குரல்களான முதல் டெனர், இரண்டாம் டெனர், அவற்றுக்குக் கீழே பாரிட்டோன், எல்லாவற்றுக்கும் அடியில் பாஸ் என்று குரலுக்கு இருவராக எட்டுப் பேர். எதிரில் நின்று கையசைக்க நடத்துநர் கிடையாது. அரைவட்டமாக நிற்பார்கள், ஒருவர் சுருதியை மெல்ல முனகிக் கொடுப்பார், எட்டுப் பேரும் ஒன்றாக மூச்செடுப்பார்கள், அந்த மூச்சிலேயே பாட்டின் வேகம் முடிவாகிவிடும். நாற்பது பேர் பாடும் குழுவில் ஒருவர் சற்றுப் பிசகினாலும் மறைந்துவிடும். இங்கே ஒரு குரலை இருவரே தாங்குவதால் மறைய இடமில்லை. கிராமத்துப் பாடல்களில் இரண்டாம் டெனர் மெட்டைச் சுமக்க, முதல் டெனர் அதன்மேல் மிதந்து செல்கிறது. ‘நப்ரெய்’யும் ‘செஸ்’ஸும் அரங்குக்கு வந்துசேர்ந்த விதம் அது.

நாட்டுப்பாடல்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவர்கள் பாடியவற்றுள் யாகோபுஸ் கல்லுஸின் படைப்புகளும் உண்டு. 1550இல் இன்றைய ஸ்லொவேனிய மண்ணில் பிறந்து, 1591இல் பிராக் நகரில் மறைந்த மறுமலர்ச்சிக்கால இசையமைப்பாளர் அவர். கல்லுஸ் என்றால் லத்தீனில் சேவல். அந்த லத்தீன் துதிப்பாடல்களை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனம் போய் ஒட்டிக்கொள்வது கரிந்தியப் பாடல்களிடம்தான். 1920 அக்டோபர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் தென்கரிந்தியாவின் 59 சதவீதத்தினர் ஆஸ்திரியாவைத் தேர்ந்தெடுத்ததால், அங்கிருந்த ஸ்லொவேனியர்கள் எல்லைக்கு அப்பால் சிறுபான்மையினராகத் தங்கிவிட்டார்கள். அந்தப் பகுதியின் ஒரு பாட்டு, ‘ஏரிக்குச் சற்று அப்பால்’ என்ற பொருளில் தொடங்கி, தொட்டில் இருந்த வீட்டை நினைக்கிறது. ஏரியைக் குறிக்கும் சொல்கூட வட்டார வழக்கில் ‘இசாரோ’ என்றே வருகிறது. பொதுமொழியில் அது ‘யேசெரொ’.

நாட்டுப்பாடலை இவ்வளவு செம்மையாக்கிவிட்டால் மண்வாசனை போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊர்நடுவே தொண்டையைத் திறந்து பாடும் இளைஞனின் கரகரப்பு இப்பதிவுகளில் இல்லை. ஆனால் வட்டாரச் சொற்களை இவர்கள் திருத்தவில்லை, மெட்டை மேற்குரலுக்கு மாற்றி எளிதாக்கவும் இல்லை. பழைய பாடகர்கள் விலகிப் புதியவர்கள் வந்தபிறகும் குழுவின் பெயரும் எண்ணிக்கையும் அப்படியே தொடர்கின்றன.

ஏரிப் பாட்டின் கடைசி அடியில் மேற்குரல் மெல்லத் தேய்கிறது, பாஸ் இருவரும் ஒரே சுரத்தில் நின்றுவிடுகிறார்கள். நடுக்குரல் மட்டும் ஒரு படி இறங்கி அவர்களுக்கு அருகில் வருகிறது. இப்போது அதை நான் தேட வேண்டியதில்லை. காது தானாகவே அங்கே போய் நிற்கிறது.