மாண்ட்ரியாலின் ஐந்தாவது பருவம்

மாண்ட்ரியாலுக்குக் குடிவருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லித்தரும் விஷயங்கள் சில உண்டு. ஜூலை 1 அன்றுதான் இந்த ஊரில் ஏகப்பட்ட பேர் வீடு மாறுவார்கள், அதனால் குளிர் முடிவதற்குள் வீடு தேட ஆரம்பித்துவிடு. பனிக்கால பூட்ஸ் வாங்கும்போது காசைப் பார்க்காதே. அரசாங்கம் நடத்தும் இலவச பிரெஞ்சு வகுப்பில் உடனே பெயர் கொடு. மூன்றும் நல்ல யோசனைகள்தான். நான் இன்னொன்று சேர்ப்பேன்: இங்கே அறுபத்தைந்து வயது தாண்டிய ஒருவரோடு மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிக் கேளுங்கள். எண்பதுகளில் ஃபில் காலின்ஸ் குரலில் உலகமெல்லாம் விற்ற ஜெனிசிஸ் இல்லை. பீட்டர் கேப்ரியல் நரித்தலையை மாட்டிக்கொண்டு மேடையேறிய, 1975க்கு முந்தைய ஜெனிசிஸ்.

எங்களுக்கு வீடு கிடைத்தது ரோஸ்மோண்ட் பகுதியில். மூன்றடுக்குச் செங்கல் வீடு, தெருவைப் பார்த்து வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு, தரைத்தளத்தில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். இந்தப் படிக்கட்டுகள் படத்தில் அழகு. ஜனவரியில் அதில் உறைபனி பிடித்துவிட்டால் பால் வாங்கப் போவதே ஒரு காரியம். அந்த முதல் குளிர்காலத்தில் நானும் மனைவியும் அதிகமாக வெளியே போகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள்தான் முதலில் கவனித்தாள். "என்னங்க, கீழ யாரோ நிறைய பேர் சேர்ந்து வயலின் வாசிக்கறாங்களா?" என்றாள். கேட்டேன். வயலின் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நீளமாக இழுத்து, கொஞ்சம் நடுங்கி, எங்கோ மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி.

அது மெல்லோட்ரான். அறுபதுகளில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப் இருக்கும், அதில் நிஜமான வயலினோ புல்லாங்குழலோ கோரஸோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். எட்டு விநாடி வரைதான், அப்புறம் கையை எடுத்தே ஆக வேண்டும். அந்த எட்டு விநாடி வரம்புக்குள் நின்றுகொண்டு கிங் கிரிம்சன் குழுவினர் 1969ல் தங்கள் முதல் ஆல்பத்தைச் செய்தார்கள். வீட்டுக்காரர் அன்று போட்டிருந்தது ஜெனிசிஸின் 1972ஆம் ஆண்டு ஆல்பமான 'ஃபாக்ஸ்ட்ராட்'. அதன் முதல் பாட்டு தொடங்குவதே மெல்லோட்ரானில்தான்.

அடுத்த வாரம் வாடகை கொடுக்கப் போனபோது எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் அந்த இசையைப் பற்றி விசாரித்தேன். மனிதர் முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டார். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க எல்பி இசைத்தட்டுகள். மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய பழைய நண்பர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள் என்றும், வேண்டுமானால் நீயும் வரலாம் என்றும் சொன்னார். ஒரே விதிதான்: ஊசி இறங்கியதிலிருந்து அந்தப் பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது. பக்கத்தைத் திருப்பும்போது பேசலாம், பீர் எடுக்கலாம்.

திருச்சியில் சின்ன வயதில் சில வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் நான். சபாவில் ராகம் தானம் பல்லவிக்கு முன்வரிசையில் உட்காரும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களேதான். கண்ணை மூடிக்கொண்டு, விரல் மட்டும் தொடையில் அசைய, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் அதற்காகக் காத்திருக்கும் அந்த இருப்பு.

'ஃபாக்ஸ்ட்ராட்'டின் இரண்டாம் பக்கத்தில் 'சப்பர்ஸ் ரெடி' என்று 23 நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஏழு பகுதிகள். ஆறாவது பகுதியின் பெயரிலேயே 9/8 என்று தாளம் எழுதியிருக்கும். கிதாரும் பேஸும் டிரம்ஸும் மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து அந்த ஒன்பதை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கும். என் கை தானாகத் தொடையில் போட ஆரம்பித்தது: தகிட, தக, தகதிமி. அதற்கு மேலே டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போகிறது. கீழே கணக்கு, மேலே அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு ஓட்டம். இரண்டும் கடைசியில் ஒன்றாக வந்து விழுந்து, கேப்ரியலின் குரல் எழும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்வேலை எதுவும் இல்லாமல், அந்தக் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாமல், முதல் தடவையிலேயே. இதைவிட நல்ல ராக் இசைத்தொகுப்புகள் இருக்கலாம். இந்த நான்கு நிமிடத்தைவிட நல்லது இருக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பக்கம் முடிந்ததும் வீட்டுக்காரர் என் கையைக் காட்டி என்ன அது என்று கேட்டார். சொல்லித்தந்தேன். ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர் "தகிட தக தகதிமி" என்று பிரெஞ்சு வாசனையோடு சொல்லிப் பார்த்து, இரண்டாவது தடவை சரியாகவே போட்டுவிட்டார். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி போட்டார்கள். நான் இந்த ஊர்க்காரனாக ஆகத் தொடங்கியது அந்த ராத்திரி என்றுதான் நினைக்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. இவர்களில் யாருக்கும் அந்த வயதில் இங்கிலீஷ் தெரியாது. பதினாறு, பதினேழு வயதில் ஆல்பம் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் புரியாமல், கேப்ரியலின் கதைகளைக் கேட்டிருக்கிறார்கள். ஜெனிசிஸ், ஜென்டில் ஜயன்ட், சூப்பர்டிராம்ப் போன்ற குழுக்களுக்கு கியூபெக்கில் கிடைத்த வரவேற்பு வட அமெரிக்காவின் மற்ற பல இடங்களில் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வீட்டுக்காரரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஆர்கனைக் கேட்டு வளர்ந்த காது அது என்பார். அறுபதுகளில் ஜனங்கள் சர்ச்சுக்குப் போவது குறைந்தது, ஆர்கன் மட்டும் ராக் மேடைக்கு இடம் மாறியது என்பது அவர் கட்சி. இன்னொருவர், இந்த ஊர் வானொலியான சி.எச்.ஓ.எம் எஃப்எம் நீளமான பாட்டுகளை வெட்டாமல் போட்டதுதான் காரணம் என்பார். எனக்கு பஸ் டிரைவர் சொன்னதுதான் பிடித்தது: சொல் புரியாதபோது மூன்று நிமிடப் பாட்டில் கிடைப்பது குறைவு, இருபது நிமிடப் பாட்டில் நிறையக் கிடைக்கும்.

அதே வழியில்தான் நானும் பிரெஞ்சுக்குள் போனேன். வகுப்பில் வினைச்சொல் அட்டவணை, வீட்டில் ஆர்மோனியம். நம் வாத்தியத்தின் பெயரையே வைத்துக்கொண்ட கியூபெக் குழு அது, செர்ஜ் ஃபியோரி தலைமையில். 1975ல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பாட்டாகப் போய், ஐந்தாவதாக இல்லாத ஒரு பருவத்தில் முடியும். ஆல்பம் முழுவதிலும் டிரம்ஸ் கிடையாது. புல்லாங்குழல், பன்னிரண்டு தந்திக் கிதார், மெல்லோட்ரான், குரல்கள். அந்த ஐந்தாவது பருவம் பதினேழு நிமிடம், அதில் சொற்களே இல்லை. டிசம்பரில், நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும் நாட்களில், வேலை விட்டு வரும்போது காதில் இதைத்தான் வைத்திருப்பேன். இலையுதிர் காலப் பாட்டின் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தபோது வகுப்பிலும் வாய் திறந்தது.

ஃபியோரி 2025 ஜூன் 24 அன்று இறந்தார், 73 வயது. அது செயிண்ட் ஜான் திருநாள், கியூபெக்கின் தேசிய விழா. 1976ல் இதே விழாவுக்காக மவுண்ட் ராயல் மலைமேல் நடந்த பெரிய கச்சேரியில் ஆர்மோனியம் குழுவும் வாசித்தது. ஃபியோரி இறந்த அன்று வீட்டுக்காரர் ரொம்ப நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். துக்க வீட்டுக்கு நாம் செய்வது அதுதானே.

எங்கள் வீட்டிலிருந்து ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் சாய்ந்த கோபுரம் தெரியும். 1977 கோடையில் அந்தக் கோபுரம் பாதியில் நின்றிருந்தது, ஸ்டேடியத்துக்குக் கூரையும் கிடையாது. அந்தக் கோடையில் அங்கே நடந்த இரண்டு கச்சேரிகளுக்கும் வீட்டுக்காரர் போயிருக்கிறார். ஜூலை 6 அன்று பிங்க் ஃபிளாய்ட். பட்டாசும் கூச்சலுமாக இருந்த கூட்டத்தில் முன்னால் நின்ற ஒருவர்மேல் அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் எச்சில் துப்பிவிட்டார். அந்த வெட்கத்திலிருந்து முளைத்ததுதான் 1979ல் வந்த 'தி வால்' ஆல்பம். கடைசிப் பாட்டுக்குக் குழுவின் கிதார்காரர் டேவிட் கில்மோர் மேடைக்கே வரவில்லை, சுற்றிலும் சாமான்களைக் கழற்றிக்கொண்டிருக்க மற்றவர்கள் மெதுவாக ஒரு ப்ளூஸ் வாசித்து முடித்தார்கள். புத்தகங்களில் இது பெரிய சம்பவம். தூரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு அன்று எதுவும் தெரியவில்லையாம், நல்ல கச்சேரி என்றுதான் வீட்டுக்கு வந்தாராம்.

அவர் மனதில் நிற்பது ஆகஸ்ட் 26. எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற மூவர் குழு. எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு அந்தச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கி, செலவு தாங்காமல் பாதியில் ஆர்கெஸ்ட்ராவை அனுப்பிவிட்டு, மாண்ட்ரியாலுக்கு விடாமல் கூட்டிவந்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் 1942ல் எழுதிய 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' அவர்கள் கையில் ராக் ஆனது. அதற்கான படத்தையும் அதே ஸ்டேடியத்தில்தான், பனி மூடிக் கிடந்தபோது, யாருமில்லாத இருக்கைகளுக்கு நடுவே எடுத்தார்கள். இந்த ஊரில் அந்த இசைக்கு இன்னொரு வீடும் உண்டு. மெட்ரோவின் நீல வழித்தடத்தில் பழைய ரயில்கள் கிளம்பும்போது மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும் கருவியிலிருந்து மூன்று சுரங்கள் எழும். அவை கிட்டத்தட்ட அப்படியே கோப்லாண்டின் முதல் மூன்று சுரங்கள். புது ரயில்களில் கதவு மூடும் அறிவிப்பாக அதையே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி தமிழ்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகும் நம் ஆட்கள் தினமும் கேட்பது அதைத்தான்.

நேரில் பார்க்கவேண்டும் என்றால் இப்போது மூலக் குழுக்கள் ஏது? அதற்கும் மாண்ட்ரியாலிலேயே பதில் இருக்கிறது. 'தி மியூசிக்கல் பாக்ஸ்' என்ற குழு 1993லிருந்து எழுபதுகளின் ஜெனிசிஸ் கச்சேரிகளை ஜெனிசிஸின் அனுமதியோடு அப்படியே மேடையேற்றுகிறது. அதே வாத்தியங்கள், அதே உடைகள், பாட்டுகளுக்கு நடுவே கேப்ரியல் சொன்ன அதே கதைகள். 1974ஆம் வருஷக் கச்சேரியில் திரையில் ஓடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளைக்கூட ஜெனிசிஸ் கொடுத்து உதவியது. கேப்ரியலே தன் பிள்ளைகளைக் கூட்டிப்போய், உங்கள் அப்பா செய்தது இதுதான் என்று காட்டியிருக்கிறார். நகல் எடுப்பதில் என்ன கலை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கிருதியை ஆளுக்கு ஆள் பாடும் ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தக் கேள்வி ஒட்டவில்லை. நல்லபடி வாசித்தால் அது உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். நான் போன கச்சேரியில் கிதார்காரர் ஜெனிசிஸின் ஸ்டீவ் ஹாக்கெட் மாதிரியே உட்கார்ந்து வாசிக்க, பாடகர் சிவப்புப் பெட்டித் தலையோடு ஒன்பது கணக்கில் ஆட, கடைசியில் வெள்ளுடையில் நின்றபோது அரங்கத்தில் பாதிப்பேர் அழுதார்கள். நான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு ஆல்பம் கொண்டுவருகிறோம். என் முறை வந்தபோது இளையராஜாவின் 1988ஆம் ஆண்டு 'நத்திங் பட் விண்ட்' கொண்டுபோனேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், ராஜாவின் ஆர்கெஸ்ட்ரா. முழுவதும் பேசாமல் கேட்டார்கள். முடிந்ததும் வீட்டுக்காரரின் மனைவி, எழுதியவர் சர்ச்சில் வளர்ந்தவரா என்று கேட்டார். பண்ணைப்புரம் பற்றியும் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தது பற்றியும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

பஸ் டிரைவருக்கு ஒரு குறைதான். அடுத்த முறை யாராவது பாடுகிற மாதிரி கொண்டுவா, நீளமாக இருக்கட்டும், தமிழ் புரியாவிட்டால் பரவாயில்லை என்கிறார். என் முறைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மனைவி 'ஜனனி ஜனனி' என்கிறாள், நான் சஞ்சய் சுப்ரமணியனின் ஒரு பல்லவி என்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.