இரண்டாவது சீட்

தாம்பரத்தில் விமானப்படையின் கிரண் பயிற்சி ஜெட்களுக்கு என்ஜின் ஃபிட்டராக இருந்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்காவது பயிற்சி ஜெட் விழுந்தால் முதல் நாள் செய்தியை நம்ப மாட்டேன். விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து படிப்பேன். அப்படிப் படித்ததில் மனதை விட்டுப் போகாதது கனடாவின் காம்லூப்ஸ் விபத்து.

2020 மே 17. கொரோனாவில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஜனங்களை உற்சாகப்படுத்த, கனடிய விமானப்படையின் ஸ்னோபேர்ட்ஸ் சாகசக் குழு ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்தது. காம்லூப்ஸிலிருந்து இரண்டு ஜெட்கள் சேர்ந்து கிளம்பின. எழும்பிய சில நொடிகளில் ஒன்றின் என்ஜினுக்குள் ஒரு பறவை போய்விட்டது.

ஸ்னோபேர்ட்ஸ் ஓட்டிய அந்த ஜெட்டின் பெயர் டியூட்டர். நம் கிரணுக்கு அண்ணன் மாதிரி. அது முதலில் பறந்தது 1960ல், கிரண் 1964ல். இரண்டிலும் ஒற்றை என்ஜின், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். பயிற்சி கொடுப்பதை 2000த்தோடு நிறுத்திவிட்டு, ஸ்னோபேர்ட்ஸுக்கு மட்டும் டியூட்டரை வைத்துக்கொண்டார்கள். நம் விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவும் 2011 வரை கிரணில்தான் பறந்தது.

விமானத்தில் பறவை மோதுவதை நாங்கள் பேர்ட் ஹிட் என்போம். என்ஜினுக்குள் எதுவும் போய்விடக்கூடாது என்று காலையில் வரிசையாக நடந்து தரையில் கிடக்கும் கல், நட்டு, கம்பித் துண்டு எல்லாம் பொறுக்குவோம். பறவையை எப்படிப் பொறுக்குவது? உள்ளே போனால், காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் ஸ்டால் ஆகலாம்: காற்றோட்டம் குலையும், வெடி போட்டதுபோல் சத்தம் வரும், உந்துவிசை சரிந்துவிடும். ஒற்றை என்ஜின்காரனுக்கு அடுத்த வழி கிடையாது.

பைலட் இருந்த வேகத்தைக் கொடுத்து உயரம் வாங்கினார். அதுவரை சரி. அப்புறம் விமான நிலையத்தை நோக்கித் திரும்பினார். சாய்ந்து திரும்பும்போது இறக்கைக்குக் கூடுதல் வேகம் வேண்டும். கையில் இருந்ததோ நொடிக்கு நொடி குறைந்துகொண்டிருந்த வேகம். இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் மூக்கைக் கவிழ்த்தது. இதையும் ஸ்டால் என்றுதான் சொல்வோம், ஆனால் இது என்ஜினுடையது அல்ல, இறக்கையுடையது. பைலட்டும் பக்கத்தில் இருந்தவரும் எஜெக்ட் செய்தார்கள், அதாவது சீட்டோடு வெளியே எறியப்பட்டார்கள். ஆனால் வேகமாகக் கீழே போகிற விமானத்திலிருந்து சீட் எறியப்பட்டால், சீட்டைத் தள்ளும் ராக்கெட்டின் பலத்தில் ஒரு பகுதி அந்த இறக்கத்தைச் சமாளிக்கவே போய்விடும். பாராசூட் சரியாக வேலை செய்ய உயரம் மிஞ்சவில்லை. பைலட் பலத்த காயத்தோடு பிழைத்தார். பக்கத்து சீட்டில் இருந்த கேப்டன் ஜென் கேசி இறந்துபோனார். வயது 35. அவர் விமானி அல்ல. ரேடியோ நிருபராக இருந்து 2014ல் படையில் சேர்ந்து, குழுவின் மக்கள் தொடர்பு அதிகாரியானவர்.

பைலட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே முழுக்க வீடுகள். ஜெட் கடைசியில் பிராக்கல்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில்தான் விழுந்தது. நல்லவேளை, தரையில் யாரும் சாகவில்லை. குடியிருப்புக்கு மேல் அவசர நிலை வந்தால் எதற்கு முன்னுரிமை என்று விமானிகளுக்குத் தெளிவாக எழுதிக் கொடுங்கள் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று. அந்த முடிவை நொடிகளில் ஒரு தனி மனிதன் தலையில் கட்டக்கூடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஏரோஸின் விபத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2018 மார்ச் 20, வேல்ஸில் உள்ள வேலி விமான தளம். ஹாக் ஜெட் கிளம்பியதும், என்ஜின் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு ஓடுபாதைக்குத் திரும்பும் பயிற்சியைச் செய்தார்கள். என்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. திரும்பும்போது அதே இறக்கை ஸ்டால், மீள உயரம் இல்லை. பைலட் எஜெக்ட் செய்து தப்பினார். பின் சீட்டில் இருந்த கார்ப்பரல் ஜொனதன் பேலிஸ் வெளியே வரவில்லை. அவர் தரைப் பணியாளர், என்னைப் போன்ற டெக்னீஷியன். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டாவது சீட் கிடைப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய கௌரவம். போட்டி போட்டுக்கொண்டு ஏறுவோம். அந்தப் பயிற்சி தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. பின் சீட்டில் ஆள் இல்லாத ஒரு நாளில் செய்திருக்கலாமே.