சர்வருக்கு ஒரு தனி அறை

காரைக்குடியில் எங்கள் டைல்ஸ் அலுவலகத்தின் பழைய ஃபைல் சர்வரை நேற்று ஒருவழியாக ஹைப்பர்-விக்கு (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) மாற்றிவிட்டேன். பழையதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அதைக் கைகழுவிவிட்டது, நாங்கள்தான் விடவில்லை.

டிஸ்க்கை அப்படியே விஹெச்டி (மெய்நிகர் டிஸ்க்) கோப்பாக எடுத்திருக்கலாம். பத்து வருடக் குப்பையும் கூடவே வரும், வேண்டாம். புதிய மெய்நிகர் சர்வர் போட்டு, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் கோப்புகளை மட்டும் நகர்த்தினேன்.

அங்கேதான் சறுக்கல். கட்டளையோடு 'காப்பிஆல்' என்ற சொல்லைப் போட மறந்ததால் யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகள் வரவில்லை. சம்பள ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்து கிடந்தது! (நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை.) அதைச் சேர்த்து மறுபடி ஓட்டியும் பலனில்லை. ஏற்கெனவே நகலான கோப்புகளை ரோபோகாப்பி தாண்டிப் போய்விடும். தாண்டிய கோப்புகளின் அனுமதிகளையும் திருத்தும் 'செக்ஃபிக்ஸ்' சேர்த்த பிறகுதான் சரியானது.

இன்று காலை முதலாளி, "புது சர்வர் எங்கேப்பா?" என்றார்.

"இந்தப் பெட்டிக்குள்ளதான் அண்ணே. நம்ம செட்டிநாட்டு வளவு வீட்டுல ஒவ்வொரு புள்ளிக்கும், அதான் கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், தனி அறை இருக்கும்ல, அது மாதிரி."

"அப்ப சமையலும் தனியா?"

"ஆமாண்ணே, மெமரி தனித்தனி."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பழைய பெட்டியை ஒரு மாதம் அணைத்து வைத்திருப்பேன். எடைக்குப் போட இப்போதே ஒருவர் கேட்கிறார்.